பேரக்குழந்தையின் தடுப்பூசிக்கு வந்த ஆச்சி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

அம்பாசமுத்திரத்துக்கும் முக்கூடலுக்கும் இடைப்பட்ட கிராமங்களுக்கான ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலராகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதியில் ஆண்களில் பெரும்பாலோர் வயலுக்கும் கட்டட வேலைக்கும் செல்கின்றனர். பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றுகின்றனர். இங்கே விவரிக்கப்படும் பெண்மணிக்கு 54 வயது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பீடி சுற்றி வருபவர். அவர் எங்கள் நிலையத்துக்கு நோயாளியாக வரவில்லை. மகளின் குழந்தைக்குத் தடுப்பூசி போட, துணைக்கு வந்தார். அவரிடமும் அவருடைய கணவரிடமும் ஒப்புதல் பெற்று, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

வருகையும் முதல் கேள்வியும்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆகஸ்டு மாதத்தின் ஒரு புதன்கிழமை, பிறந்து 14 வாரமான பேத்திக்கு ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் மூன்றாம் தவணையை போட்டு முடித்ததும், வழக்கப்படி அரை மணி நேரம் காத்திருக்கும்படி செவிலியர் கூறினார். அந்த நேரத்தில் ஆச்சி, "எனக்கும் ஒரு டி.டி. போட்டு விடுங்கம்மா, முள்ளு தச்சிருக்கு" என்று கேட்டார். இரண்டு நாள்களுக்கு முன் வாய்க்கால் கரையில் விறகு பொறுக்கச் சென்றபோது, ரப்பர் செருப்பைத் துளைத்து உடைமுள் வலது உள்ளங்காலில் ஏறியிருந்தது.

இங்குள்ளவர்கள் டி.டி. என்று சொல்வது ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசியை. அரசு நிலையங்களில் இப்போது அதற்குப் பதிலாக, ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் (டிப்தீரியா) தடுக்கும் கூட்டு ஊசி போடப்படுகிறது. பெயர் மட்டும் பழையபடி டி.டி. என்றே நிலைத்துவிட்டது. அதன் பாதுகாப்பு ஆறு மாதந்தான் என்ற நம்பிக்கை ஊர் முழுவதும் உண்டு. இதனால் ஆண்டுக்கு இருமுறை ஊசி கேட்டு வாங்கியவர்களும் இருக்கின்றனர். பிறந்தது முதல் ஒரு தவணைகூடப் பெறாதவர்களும் அதே தெருவில் இருக்கின்றனர். ஆகவே காயத்தோடு வருபவரிடம் "கடைசியாக எப்போது போட்டீர்கள்" என்று கேட்பது போதாது. வாழ்நாளில் மொத்தம் எத்தனை தவணை என்பதே முதல் கேள்வி. மூன்று தவணை முழுமையாகப் பெற்றவருக்கு, மண்ணும் அழுக்கும் பட்ட காயமானால், கடைசித் தவணைக்குப் பின் ஐந்து ஆண்டு கடந்திருந்தால் ஒரு தவணை தேவை. சுத்தமான சிறு காயமானால், பத்து ஆண்டு கடந்திருந்தால் மட்டுமே தேவை. மூன்று தவணை நிறைவடையாதவர், அல்லது கணக்கே தெரியாதவர், அழுக்குக் காயத்தோடு வந்தால் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்புத் தரும் ஆயத்த எதிர்ப்புப் பொருளான ரணஜன்னி இம்யூனோகுளோபுலின் 250 யூனிட்டும் தேவைப்படுகிறது.

ஆச்சியிடம் எந்த அட்டையும் இல்லை. ஆனால் மூன்று பிள்ளைப்பேறுகளும் மருத்துவமனையில் நடந்தவை. தலைப்பிள்ளைக்கு இரண்டு ஊசி, அடுத்த இரண்டு கர்ப்பங்களிலும் ஊசி என்று அவர் மாதக்கணக்கோடு சொன்னதில் எனக்கு ஐயம் எழவில்லை. எழுத்துப் பதிவே ஆதாரம் என்பது விதி. ஆயினும் இந்தத் தலைமுறைப் பெண்களின் கர்ப்பகால நினைவு துல்லியமானது என்பது என் அனுபவம். அவர் சொன்னதை ஏற்று, இம்யூனோகுளோபுலினைத் தவிர்த்து, 0.5 மி.லி. தடுப்பூசி ஒன்றை மட்டும் தசையில் போடச் சொன்னேன்.

இவ்விடத்தில் செவிலியர் சற்றுத் தயங்கினார். பத்துத் தவணை கொண்ட ஒரு குப்பியை ஒரே ஒருவருக்காகத் திறந்தால் மீதி வீணாகுமே என்ற அச்சம் பல நிலையங்களில் உண்டு. பெரியவர்களைத் "கர்ப்பிணிகள் வரும் நாளில் வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதும் அதனால்தான். திறந்த குப்பியை, அது காலாவதியாகாமலும் உறையாமலும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்து, திறந்த தேதியும் நேரமும் எழுதப்பட்டிருந்தால், 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் திறந்த குப்பிக் கொள்கை தெளிவாகவே அனுமதிக்கிறது. வீணாவது குப்பியா, வந்து நிற்கும் மனிதரின் வருகையா என்று எண்ணிப் பார்த்தால் தயக்கத்துக்கு இடமில்லை.

வலிக்காத காயம்

ஊசியோடு அனுப்பியிருந்தால் இந்நிகழ்வு அங்கேயே முடிந்திருக்கும். காயத்தைக் கழுவும்போது முள்ளின் ஒடிந்த நுனி உள்ளே இருப்பது தெரிந்தது. அரை அங்குல நீளம். இரண்டு நாளாக அதன் மேல் நடந்திருக்கிறார். எப்படிப் பொறுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "வலிக்கவே இல்ல டாக்டரம்மா, தச்சதே தெரியல, செருப்பக் கழட்டும்போது ரத்தத்தப் பாத்துதான் தெரியும்" என்றார். உள்ளங்காலில் முள் தைத்தது தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேல் ஊசியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

பாத உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையை வலது பாதத்தில் நான்கு இடங்களில் வைத்தபோது மூன்று இடங்களில் அவருக்குத் தெரியவில்லை. இடது பாதத்தில் இரண்டு இடங்கள். நாடித்துடிப்பு இரு பாதங்களிலும் நன்றாக இருந்தது. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 286. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதை வயதின் குறை என்று எண்ணியிருந்தார். மறுநாள் வெறும் வயிற்றில் 174, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 9.4. நீரிழிவு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பாத நரம்பு பாதிக்கும் அளவுக்கு அது பல ஆண்டுகளாக இருந்திருக்க வேண்டும்.

இரத்த அழுத்தம் முதலில் 168/98 என்று காட்டியது. ஆனால் அப்போது அவர் சாய்வில்லாத பெஞ்சில், குழந்தையை மடியில் வைத்தபடி, மகளோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தையை மகளிடம் கொடுக்கச் சொல்லி, சாய்வு நாற்காலியில் பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் அமைதியாக அமர்த்தி, கையை இதய மட்டத்தில் வைத்து இருமுறை பார்த்தபோது 156/94, 152/92. அடுத்த வாரமும் 150/94. முதல் அளவை நம்பியிருந்தால் மருந்தின் அளவு கூடியிருக்கும். அளவிடும் முறையில் நாம் காட்டும் அவசரம் நோயாளியின் வாழ்நாள் மாத்திரையாக மாறக்கூடியது.

எங்கள் பதிவேட்டில் இருந்த வரி

அன்று பிற்பகல் அவருடைய பெயரைத் தொற்றா நோய்ப் பதிவேட்டில் புதிதாக எழுத முற்பட்டபோது அது ஏற்கெனவே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஊரில் நாங்கள் நடத்திய முகாமில் சாப்பிட்ட பின் எடுத்த சர்க்கரை 196 என்றும், எதிரில் "மறுபரிசோதனை" என்றும் எழுதப்பட்டிருந்தது. அதன் பிறகு அந்த வரியில் ஒன்றுமே இல்லை.

196 என்பது நீரிழிவை உறுதிப்படுத்தும் 200 என்ற எல்லைக்குக் கீழே இருப்பதால், முகாம் அறிக்கையில் அவர் 'நோய் இல்லாதவர்' கணக்கில் சேர்ந்திருக்கிறார். ஆனால் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பரிசோதனைத் திட்டத்தில் எந்நேர அளவு 140க்கு மேல் இருந்தாலே வெறும் வயிற்று அளவைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். வெறும் வயிற்றோடு வருவதென்றால் ஆச்சி ஒரு நாள் பீடி சுற்றுவதை விட வேண்டும். கடையில் வாங்கிய இலையும் தூளும் அன்று மாலைக்குள் பீடியாகத் திரும்பாவிட்டால் கூலி இல்லை. அவர் வரவில்லை; நாங்களும் தேடிப் போகவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில்தான் பாதத்தின் உணர்வு போயிருக்கிறது. இதை அவரிடம் மறைக்க எனக்கு மனமில்லாமல், தவறு எங்களுடையது என்று சொன்னேன். அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

பரிசோதனை என்ற சொல்லை நாம் எண்ணிக்கையோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். இத்தனை பேருக்குப் பார்த்தோம் என்பது அறிக்கையாகிறது. அளவு மிகுந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு மறுமுறை பார்த்தோம் என்பதற்கு அதே முக்கியத்துவம் தரப்படுவதில்லை. அந்த வாரமே பழைய முகாம் பதிவேடுகளை எடுத்து, 140 முதல் 199 வரை இருந்த பெயர்களைத் தனியே எழுதி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களிடம் ஊர் வாரியாகக் கொடுத்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே போகிறது. மாத்திரை பெறும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், அதே நடையில் அவரையும் பார்த்துவிட முடிகிறது.

வாயும் கருப்பைவாயும்

ஆச்சி வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போடுபவர். பீடித்தட்டின் அருகிலேயே வெற்றிலைப் பெட்டியும் இருக்கும். தூக்கம் வராமல் இருக்கவும் பசி தெரியாமல் இருக்கவும் அது உதவுவதாகப் பலர் சொல்கின்றனர். இடது கன்னத்தின் உட்புறம், புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில், துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று, ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. அகலத்தில் இருந்தது. வாய் நன்றாகத் திறந்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, திசு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் இல்லை. புகையிலையை நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி அறிவுரை வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாயைக் கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனை வாய்ப்புற்றுநோய் இறப்பை 34 விழுக்காடு குறைத்தது. டார்ச் விளக்கும் இரண்டு நிமிடமும் போதுமான ஒரு வேலைக்கு இவ்வளவு பலன் இருந்தும், என் புறநோயாளர் வரிசையில் நானே பலமுறை அதைச் செய்யாமல் விட்டிருக்கிறேன்.

கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அவர் முதலில் இணங்கவில்லை. மாதவிலக்கு நின்று ஐந்து வருடமாயிற்று, இனி அங்கே என்ன இருக்கப்போகிறது என்பது அவர் வாதம். வற்புறுத்தவில்லை, மூன்று வாரம் கழித்து, 34 வயதுள்ள மருமகளையும் அழைத்துக்கொண்டு தாமாகவே வந்தார். திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையை ஒரே ஒரு சுற்று செய்ததில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் மாநிலத்திலேயே நிறுவப்பட்ட இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு: மாதவிலக்கு நின்றவர்களில், புற்று தோன்றும் எல்லைக்கோடு கருப்பைவாயின் உள்ளே ஏறிவிடுவதால், வெளியிலிருந்து பார்த்து 'இல்லை' என்று சொல்வது நம்பத்தக்கதாக இருக்காது. ஆச்சிக்கு அப்படித்தான் இருந்தது. 'இயல்பு' என்று எழுதி முடிக்காமல், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினோம். வைரஸ் இல்லை என்று வந்தது. மருமகளுக்கு அசிட்டிக் அமிலப் பரிசோதனையே முழுமையாக அமைந்தது, மாற்றம் எதுவும் இல்லை. இருவருக்கும் மார்பகப் பரிசோதனையும் இயல்பு.

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் இச்செய்தி கேட்டு, நகரத்தில் 'மாஸ்டர் செக்கப்' செய்ய ஆயிரக்கணக்கில் பணம் அனுப்புவதாகத் தொலைபேசியில் சொன்னார். தாயின் மேல் உள்ள அக்கறை அது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அவர் அனுப்பிய பட்டியலில் தைராய்டு, வைட்டமின், புற்றுநோய்க் குறியீடுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட இரத்தப் பரிசோதனைகள் இருந்தன. பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும் வாயைத் திறந்து பார்ப்பதும் அதில் இல்லை. அறிகுறி இல்லாதவரிடம் அறுபது அளவுகளைப் பார்த்தால் ஏதோ ஒன்று எல்லைக்கு வெளியே நிற்கும். அதைத் துரத்திக்கொண்டு மேலும் பரிசோதனை, மேலும் அச்சம். இவருக்குத் தேவைப்பட்டவை சிறுநீர் அல்புமின், கிரியாட்டினின், கொழுப்பு, ஈ.சி.ஜி., விழித்திரைப் பரிசோதனை. இவை அரசு நிலையங்களிலேயே செலவின்றி முடிந்தன. விழித்திரையில் தொடக்க நிலை மாற்றம் மட்டும் காணப்பட்டது, சிறுநீரகம் நலமாக இருந்தது. பணத்தைத் தடுப்பூசிக்கு வைத்துக்கொள்ளும்படி மகனிடம் சொன்னேன்.

செலவுள்ள தடுப்பூசிகள்

பெரியவர்களுக்கான தடுப்பூசிகளில் ரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசி எங்கள் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீரிழிவு உள்ள 54 வயதுப் பெண்ணுக்கு ஃபுளூ, நிமோகாக்கல் நிமோனியா, மஞ்சள் காமாலை பி ஆகிய மூன்றும் பரிந்துரைக்கப்படுபவை. ஆனால் அவற்றை வெளியில் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தால் குடும்பம் எதையும் வாங்காது என்பதால் வரிசைப்படுத்திச் சொன்னேன். வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் கூடும் காலம் நெருங்கியதால் செப்டம்பரில் ஃபுளூ ஊசி. அது ஆண்டுதோறும் தேவை. மஞ்சள் காமாலை பி மூன்றிலும் விலை குறைவு. இரத்தத்தில் அக்கிருமி இல்லை என்று பார்த்தபின் 0, 1, 6 மாதக் கணக்கில் தொடங்கினோம். 2011க்குப் பிறகே நாடு முழுவதும் குழந்தைகளின் அட்டவணைக்குள் வந்த ஊசி அது. இவர் தலைமுறை அதைப் பெற்றிருக்க வழியில்லை. நிமோகாக்கல் ஊசியில் 20 வகைக் கிருமிகளைக் கொண்ட புதிய ஊசி ஒன்றே போதும். 13 வகை கொண்டதைப் போட்டால் ஓராண்டு கழித்து 23 வகை கொண்டதும் தேவை. நிமோகாக்கல் ஊசியின் விலையைக் கேட்டதும் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். தீபாவளி கழியட்டும் என்றனர். அக்கி அம்மைக்கான ஊசியைப் பற்றி அப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வராதவர்

ஆச்சியின் கணவருக்கு 61 வயது. இந்தியாவில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பெண்கள் கர்ப்ப காலத்திலாவது ரணஜன்னி ஊசி பெற்றனர். தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக இந்தியா 2015இல் உறுதி பெற்றதற்கு அந்த ஊசி ஒரு முக்கியக் காரணம். ஆண்களுக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவே இல்லை. மண்வெட்டியும் அரிவாளும் எருவும் அன்றாடம் புழங்கும் கை காலுக்குரியவர்கள் அவர்கள். இவரிடம் வினவியதில், முப்பது வருடத்துக்கு முன் அரிவாள் வெட்டுக்கு ஒரே ஓர் ஊசி போட்டதாக நினைவு. ஆச்சிக்குத் தைத்த முள் இவருக்குத் தைத்திருந்தால் இம்யூனோகுளோபுலின் தேவைப்பட்டிருக்கும்.

தன்னார்வலர் இருமுறை வீட்டுக்குப் போனபோதும் அவர் வயலில் இருந்தார். மூன்றாம் முறை, "எனக்கு என்ன கேடு? பிசான நடவு சோலி முடியட்டும், வாரேன்" என்றார். நாங்கள் திறந்திருக்கும் நேரம் அவர் வேலையில் இருக்கும் நேரம் என்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நவம்பரில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, நடவு ஆள்கள் கூடும் தேநீர்க் கடை அருகே செவிலியரும் நானும் இரத்த அழுத்தக் கருவியோடும் குளிர்ப் பெட்டியோடும் சென்றோம். அவருக்கு 172/104. தினமும் ஒரு கட்டுப் பீடி புகைப்பவர். வாயில் திட்டு எதுவும் இல்லை. முதல் தவணை ஊசியை அங்கேயே போட்டோம். அன்று அக்கடையில் பரிசோதித்த 22 ஆண்களில் மூன்று தவணை நிறைவடைந்ததாகச் சொல்லக்கூடியவர் இருவர்.

இன்றைய நிலை

ஆச்சிக்கு நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளையில் தொடங்கி 1000 ஆக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5, கொழுப்பைக் குறைக்க அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. சேர்க்கப்பட்டன. காயம் ஐந்து வாரத்தில் ஆறியது. திண்ணையில் இறங்கும்போதும் செருப்பு, இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது ஆகிய இரண்டையும் மகள் பொறுப்பேற்றிருக்கிறார். நவம்பர் இறுதியில் ஹெச்.பி.ஏ.1.சி. 7.6, இரத்த அழுத்தம் 134/82. புகையிலையைக் குறைத்திருக்கிறார், விடவில்லை. தட்டில் தூள் இருக்கும்வரை அது எளிதல்ல என்று அவரே சொல்கிறார். கன்னத்துத் திட்டு சற்றுச் சிறுத்திருக்கிறது.

புதன்கிழமைகளில் இப்போது கூடத்தின் மூலையில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருக்கிறோம். குழந்தை காத்திருக்கும் அரை மணி நேரத்தில், உடன் வந்த 30 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், பாதம், ரணஜன்னித் தவணைக் கணக்கு ஆகியவற்றைப் பார்க்கிறோம். அந்த நாளின் கூலி ஏற்கெனவே குழந்தைக்காகப் போய்விட்டபடியால், மறுக்கிறவர் மிகக் குறைவு. அளவு மிகுந்தவருக்கு மறு தேதியைக் குழந்தையின் அடுத்த தடுப்பூசித் தேதியோடு இயன்றவரை பொருத்தித் தருகிறோம். இடைவெளி நீளமானால் தன்னார்வலர் வீட்டுக்குப் போகிறார். பல குழந்தைகளைக் கவனிக்கும் மூன்று செவிலியரின் வேலைக்கு இது கூடுதல் சுமை. ஆய்வகப் பணியாளர் விடுப்பில் இருந்த இரண்டு புதன்கிழமைகளில் செய்ய முடியவில்லை.

ஒன்பது மாதம் நிறைந்து, தட்டம்மை ரூபெல்லா ஊசிக்காகப் பேத்தி ஜனவரி இறுதியில் வந்தபோது, குழந்தையைத் தூக்கி வந்தவர் தாத்தா. அவர் இரண்டாம் தவணையை டிசம்பரிலேயே பெற்றிருந்தார், அன்று 146/88. மூன்றாம் தவணை ஜூன் மாதத்தில். ஆச்சிக்கு மஞ்சள் காமாலை ஊசியின் கடைசித் தவணையும் வாய்ப் பரிசோதனையும் மார்ச்சில். நிமோகாக்கல் ஊசி இன்னும் வாங்கப்படவில்லை.